அல்லி கேட்காமல் விட்ட கேள்வி

அல்லியிடம் யாரும் பொய் சொல்ல முடியாது என்று அந்த நர்சிங் ஹோமில் எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதட்ட மாட்டாள், துருவவும் மாட்டாள். குடிக்கிற பழக்கம் உண்டா என்று டாக்டர் கேட்டால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு இல்லையென்று தலையாட்டும் ஆளிடம், அல்லி சீட்டு எழுதிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சாராயம் பஸ் ஸ்டாண்டு கடையிலங்களா, ஆத்துப்பாலத்துக் கடையிலங்களா?" என்பாள். "பாலத்துக் கடையிலதாம்மா. பஸ் ஸ்டாண்டுல தண்ணி ஊத்திடறான்" என்று பதில் வந்து விழும். விழுந்த பிறகுதான் அந்த ஆளுக்கு உறைக்கும்.

அப்படிப்பட்ட அல்லியிடம் ஒரு மழைக்காலம் முழுவதும் காரைக்கால் பெண்கள், கூடிப் பேசி வைத்ததுபோல, ஒரே பொய்யைச் சொன்னார்கள். அவளும் அதைக் குண்டு குண்டான எழுத்தில் எழுதிக்கொண்டாள். அதனால் ஒரு மனிதருக்கு உயிர் போகப் பார்த்தது. இன்னொருவருக்குப் போகாமல் இருந்ததற்கும் அவள்தான் காரணம்.

அவள் பிறந்தது மண்டபத்தூர் மீனவக் குப்பத்தில். ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அம்மா அவள் தலையில் சும்மாட்டை வைத்து ஒரு சின்ன மீன்கூடையை ஏற்றிவிட்டாள். பள்ளிக்கூடம் அதோடு சரி. அம்மாவும் மகளும் வெயில் ஏறுவதற்குள் டவுனில் தெருத் தெருவாக நடப்பார்கள். வாசலில் நின்று மீன் வேணுமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் உள்ளேயிருந்து குரல் வரும். அம்மா அப்படிக் கேட்க மாட்டாள். "குழம்புக்கா, வறுக்கவா?" என்பாள். உள்ளே ஒரு நிமிஷம் யோசனை ஓடும். அந்த யோசனையிலேயே பாதி மீன் விற்றுவிடும். அல்லி படித்த பெரிய படிப்பு அதுதான்.

பிறகு ஜவுளிக்கடையில் துணி அளந்துகொண்டிருந்த மருதையனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். டவுனுக்குக் குடிவந்தாள். எழுபதுகளின் நடுவில் இந்த நர்சிங் ஹோமில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். தரை துடைத்தாள், பெட்பான் எடுத்தாள், கண்ணாடி ஊசிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் தங்கையன்தான் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தன்னிடம் வாயைத் திறக்காத நோயாளிகள், வாளியும் துடைப்பமுமாகப் போகிற இவளை நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் சொல்கிறார்கள். வாளியை வாங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, முன் அறையில் ஒரு மேசை போட்டு அவளை உட்காரவைத்தார். மேசைக்குப் பின்னால் உட்காரக் கூச்சப்பட்டு, முதல் வாரம் முழுவதும் அவள் நின்றுகொண்டே எழுதினாள்.

எண்பத்தாறில் ஒரு கேள்வித்தாள் வந்தது. டாக்டரோடு படித்த ஒருவர் பிரான்சில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். தூக்கத்தில் மூச்சடைக்கும் வியாதி உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, அவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறோம் என்று எழுதி ஒரு தாளை அனுப்பியிருந்தார். டாக்டர் ஒரு ரப்பர் குழாயை எடுத்து அல்லிக்குக் காட்டினார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்துபோகும். குழாயை லேசாக அமுக்கினார். காற்று இரைந்துகொண்டு போனது. குறட்டை இதுதான் என்றார். முழுதாக அமுக்கினார்; சத்தமே இல்லை. அந்த நேரம் உடம்பு பயந்து ஒரு உதறு உதறி, ஆளைப் பாதி எழுப்பி, மூச்சை இழுத்துவிடும். இப்படியே ராத்திரி பூராவும் நடக்கும். காலையில் அவருக்கு ஒன்றும் தெரியாது, பகலெல்லாம் தூங்கி வழிவார். மயக்க மருந்து கொடுத்தால் அந்த உதறும் சக்தியும் போய்விடும்.

"அப்ப அவரைக் கேட்டுப் புண்ணியம் இல்லீங்களே டாக்டர். பக்கத்துல படுக்கிறவங்களையில்ல கேக்கணும்" என்றாள் அல்லி.

அதற்கென்று ஒரு கேள்வி தாளிலேயே இருந்தது. மற்றக் கேள்விகளை இருவரும் உட்கார்ந்து நம் ஊருக்குத் தகுந்தபடி மாற்றினார்கள். கார் ஓட்டும்போது கண் சொக்குகிறதா என்பதை எடுத்துவிட்டு, பஸ்ஸில் தூங்கி இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதுண்டா என்று போட்டார்கள். முடிவெட்டிக்கொள்ளும்போது தூங்கி விழுந்தீர்களா என்பதை அல்லி சேர்த்தாள். மனைவியிடம் கேட்கவேண்டியதை டாக்டர், "உறக்கத்தில் அவருக்குச் சுவாசம் தடைப்படுவதுண்டா?" என்று எழுதியிருந்தார். இது கோர்ட்டில் கேட்கிற மாதிரி இருக்கிறது, யாருக்கும் புரியாது என்று அல்லி தயங்கித் தயங்கிச் சொன்னாள். நீயே சொல் என்றார். "தூங்கையில அவருக்கு மூச்சு நின்னு நின்னு போவுதா?" என்றாள். டாக்டர் அதை அப்படியே எழுதிச் சைக்ளோஸ்டைல் எடுக்கக் கொடுத்தார். தன் வாயிலிருந்து வந்த வாக்கியம் தாளில் அச்சாகி வந்ததை அல்லி மைவாசனை போகும்வரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்கு வந்த ஆண்களுக்கெல்லாம் அந்தத் தாள் நிரம்பியது. குறட்டைக்கு ஆமாம் என்றார்கள், சிரித்தார்கள், பஸ்ஸில் தூங்கிய கதையை விலாவாரியாகச் சொன்னார்கள். மூச்சைப் பற்றிக் கேட்டதும் பெண்கள் எல்லோரும் இல்லை என்றார்கள். சிலர் கேள்வி முடிவதற்கு முன்பே இல்லை என்றார்கள். குரும்பகரத்திலிருந்து வந்த ஒரு பெண் இல்லையென்று சொல்லிவிட்டு எழுந்து போய் வாசலில் துப்பிவிட்டு வந்தாள். அல்லி இல்லை, இல்லை, இல்லை என்று எழுதினாள். டாக்டர் தாள்களைப் புரட்டிப் பார்த்து, "மூச்சு நிக்கிறதெல்லாம் பிரான்சுலதான் போலிருக்கு. நம்ம ஊர்ல எல்லாரும் சுகமா தூங்குறாங்க" என்று சிரித்தார்.

ஐப்பசி மழையில் முகம்மது இப்ராஹிமுக்கு மூல ஆபரேஷன் நடந்தது. வெளிநாட்டுச் சாமான் வியாபாரம் செய்பவர், கனத்த உடம்பு, கழுத்தே தெரியாது. அவர் மனைவி கமருன்னிசாவும் இல்லை என்றுதான் சொல்லியிருந்தார். மயக்க மருந்து ஏறியதும் அவர் தொண்டை அடைத்துக்கொண்டது. உதடு நீலம் பாரித்தது. டாக்டர் அவர் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போராடியதை, கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்த நர்சின் முகத்திலேயே அல்லி பார்த்தாள். இப்ராஹிம் பிழைத்துக்கொண்டார். வெளியே வந்த டாக்டரின் சட்டை மழையில் நனைந்ததுபோல் ஒட்டிக்கிடந்தது. நாலு வாய் தண்ணீர் குடித்தார். பிறகு அல்லியிடம், அந்த அம்மாவை இன்னொரு தடவை கேட்டுப்பார் என்று மட்டும் சொன்னார்.

இப்ராஹிம் வீடு திரும்பிய பிறகு அல்லி அங்கே போனாள். கமருன்னிசா அவளை உள்ளே உட்காரவைத்துப் பால் கொடுத்தார். அல்லி அதே கேள்வியை, அதே சொற்களில் கேட்டாள். அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அதே பதிலைச் சொன்னார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, "அல்லா அவங்க ஹயாத்த நீட்டி வைக்கணும்" என்றார்.

மூச்சைப் பற்றிக் கேட்டால் ஆயுளுக்கு எதற்குப் பிரார்த்தனை? வீடு வரும்வரை அல்லிக்கு விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் மருதையன் காப்பி குடித்துக்கொண்டே அந்தத் தாளை எடுத்துப் பார்த்தான். ஊரையெல்லாம் கேட்கிறாயே, என்னையும்தான் கேளேன் என்றான். அவளும் விளையாட்டாக ஆரம்பித்தாள். குறட்டை விடுவீர்களா? அது உனக்குத்தானே தெரியும். முடிவெட்டும்போது தூங்கினீர்களா? கடையில் துணி அளக்கும்போதே தூங்கியிருக்கிறேன். இப்படியே போய் அந்தக் கேள்விக்கு வந்தாள். மருதையன் சத்தமே இல்லாமல் தூங்குகிற ஆள். இல்லை என்று எழுதினால் பொய்யே கிடையாது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வாக்கியத்தைப் படிக்க அவளுக்கு நாக்கு எழவில்லை. உனக்கு மூச்சு நிற்கிறதா என்று கட்டியவனைப் பார்த்து எந்தப் பெண் கேட்பாள்?

"என்னடி, நின்னுபோச்சா?" என்றான் அவன்.

"வாயக் கழுவுங்க மொதல்ல" என்று சீறினாள். சீறிய பிறகுதான் தன் கை தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

மறுநாள் அவள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண்கள் யாரும் ஏமாற்றவில்லை. புருஷனுக்கு மூச்சு நிற்கிறது என்று மனைவி வாயால் சொன்னால் அது அப்படியே பலித்துவிடும் என்ற பயம். டாக்டர் எழுதிய சொற்களில் அந்தப் பயம் இல்லை. சுவாசம் தடைப்படுவதை எவளும் தன் வீட்டோடு சேர்த்துப் பார்க்க மாட்டாள். புரிகிற மாதிரி எழுதுகிறேன் பேர்வழி என்று அதை எமன் பேச்சாக ஆக்கியது தான்தான் என்றாள். டாக்டர் வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தோணலியே அல்லி" என்றார். "ஆனா அந்தப் பதில் இல்லாம என்னால முடியாது. வேற எப்படிக் கேக்கறதுன்னு பாரு."

வேறு எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த நிலையில்தான் காரைக்கால்மேட்டுச் சுப்ராயன் வந்து சேர்ந்தார்.

மீன்பிடி லாஞ்சில் சுக்கான் பிடிக்கிற ஆள். படகு தள்ளித் தள்ளிக் குடலிறக்கம் கண்டு, அது முற்றி, இப்போது நடக்கவே காலை அகட்டி வைக்க வேண்டியிருந்தது. வியாழக்கிழமை வெளியூரிலிருந்து சர்ஜன் வருவார், அன்றைக்கே முடித்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் குடல் சிக்கிக்கொள்ளும் என்று நாள் குறித்திருந்தார்கள். சுப்ராயன் பெஞ்சில் உட்கார்ந்து பெயரைச் சொன்னார், அப்பா பெயரைச் சொன்னார், வயது சொல்ல வாயெடுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். பக்கத்தில் இருந்த மனைவி குஞ்சம்மா அவர் விலாவில் முழங்கையால் இடித்து, "அம்பதுன்னு எழுதிக்கம்மா" என்றாள். குஞ்சம்மாவின் கண்ணுக்கடியிலும் கருவளையம் கட்டியிருந்தது.

வேறு வழி தெரியாததால் அல்லி அந்தக் கேள்வியைக் கேட்டாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். குஞ்சம்மா எழுந்துவிட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு நல்லாவறதுக்குத்தானே வந்திருக்கோம். இது என்ன பேச்சு? அவரு நல்லா தூங்குறாரு. நாலு ஊட்டுக்குக் கேக்குற மாதிரி தூங்குறாரு."

அல்லி இல்லை என்று எழுதவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, புதன்கிழமை சாயங்காலத்துக்குள் தெரிந்தால் நல்லது என்றார். தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். முழு மயக்கமே வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்துவிடலாம், சர்ஜனுக்குப் பிடிக்காது, சொல்லிக்கொள்ளலாம் என்றார். வலிக்குப் போடும் தூக்க ஊசியையும் நிறுத்த வேண்டும். தெரியாவிட்டால் என்று அவள் கேட்கவில்லை. இப்ராஹிமுக்கு நடந்ததை அவர்கள் இருவருமே மறக்கவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் அல்லி காரைக்கால்மேட்டுக்கு நடந்தாள். தாளை எடுத்துக்கொள்ளவில்லை. கரையில் ஏலம் ஆரம்பித்திருந்தது. ஏலக்காரர் குவியலுக்குக் குவியல் தாண்டிப் போய்க் கூவிக்கொண்டிருந்தார். பெண்கள் அன்னக்கூடைகளோடு ஈரமணலில் உட்கார்ந்திருந்தார்கள். குஞ்சம்மா அல்லியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பக்கத்திலேயே மணலில் குந்தினாள். மண்டபத்தூர்க்காரி என்று தெரிந்ததும் மற்றப் பெண்கள் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்து, அவளுடைய அம்மாவைத் தெரியும் என்றார்கள். வாளைமீனைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். அல்லிக்கு நேரம் போய்க்கொண்டே இருந்தது. அம்மாவோடு கூடை தூக்கிக்கொண்டு நின்ற வாசல்கள் ஞாபகம் வந்தன. உண்டா என்று கேட்டால் இல்லை என்பார்கள்.

"ஏக்கா, உங்க ஊட்டுக்காரரு குறட்டை தெருமுனை வரைக்குமா, கடல் வரைக்குமா?" என்றாள்.

கூட்டம் சிரித்தது. குஞ்சம்மாவுக்கு அடுத்த வீட்டுக்காரி பெரியநாயகி முந்திக்கொண்டாள். "கடலா? இலங்கையில கேக்கும். எங்க ஊட்டுச் செவுரு அதிருதுடி. ஆடு அத்துக்கிட்டு ஓடுது." சொன்னதோடு நிற்காமல் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்து, அறுப்பு மில் ஓடுகிறமாதிரி ஒரே சீராகக் குறட்டை விட்டுக் காட்டினாள். பெண்கள் மணலில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார்கள்.

குஞ்சம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சிரித்ததற்காகக் கோபப்படவில்லை, தப்பாகச் செய்துவிட்டாள் என்றுதான் கோபம்.

"அப்படி இல்லடி. செவுருக்கு அந்தாண்ட கெடக்கிறவ, உனக்கு என்ன தெரியும்?" என்றாள். அன்னக்கூடையைத் தள்ளிவைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தானே ஆரம்பித்தாள்.

முதலில் சின்னதாகத்தான் இருந்தது. பிறகு ஏறியது. ஒவ்வொரு இழுப்புக்கும் உரத்து, கரடுமுரடாகி, மேட்டில் ஏறும் லாரி மாதிரி முக்கியது. ஏறி ஏறிப் போய், சட்டென்று அடங்கிவிட்டது. குஞ்சம்மா வாயைத் திறந்தபடி அசையாமல் இருந்தாள். மார்பு மட்டும் எம்பி எம்பித் தணிந்தது, காற்று போகவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். முடியவில்லை. ஏலக்காரர் ஒரு குவியலைக் கூவி, விலை ஏறி, ஒருத்தி எடுத்து, பணத்தை மடியிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள். குஞ்சம்மா இன்னும் மூச்சு விடவில்லை. அவளுடைய இடது கை தானாக எழுந்தது. பக்கத்தில் யாரோ படுத்திருப்பதுபோல, அந்த வெறும் இடத்தில் ஒரு தோளைப் பிடித்து உலுக்கியது. மறுபடி உலுக்கியது. அப்போதுதான் தண்ணீருக்கடியிலிருந்து எழுகிறவளைப்போலப் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. குஞ்சம்மா கண்ணைத் திறந்தாள். நீட்டியிருந்த கையைப் பார்த்தாள். மெதுவாக மடியில் வைத்துக்கொண்டாள்.

அல்லி அவள் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "எத்தினி நாளாக்கா இப்படி உலுக்கிக்கிட்டிருக்கீங்க?" என்றாள்.

"சின்னவ பொறந்ததுலேருந்து. அவளுக்கே இப்ப மாப்ள பாக்குறோம்." குஞ்சம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் கண்ணசந்துட்டா யாரு உலுக்கறது? கடலுக்குப் போற அன்னிக்கு, கூடப் போற பயலுவகிட்ட, அவர உலுக்கிக்கிட்டே இருங்கடான்னா சொல்லமுடியும்? வெளிய தெரிஞ்சா சுக்கானக் குடுப்பாங்களா? போறவரு வர்ற வரைக்கும் எனக்குத் தூக்கமே கெடையாது. வந்தாலும் கெடையாது." அல்லியை நேராகப் பார்த்தாள். "நான் ஒண்ணும் சொல்லல."

"நீங்க ஒண்ணும் சொல்லலக்கா. நானும் ஒண்ணும் கேக்கல" என்றாள் அல்லி.

டவுனுக்கு எப்படித் திரும்பினாள் என்பது அவளுக்கே தெரியாது. டாக்டர் அறையில் இரண்டு நர்சுகள் இருந்தார்கள். என்ன ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அவளுக்கும் அந்தச் சொல் வரவில்லை. குஞ்சம்மாவுக்குக் கொடுத்த வாக்கு நடுவில் நின்றது. கூச்சத்தில் காது சிவக்க, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, அல்லி அந்தக் குறட்டையை ஆரம்பத்திலிருந்து விட்டுக் காட்டினாள். நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் நிறுத்திய இடத்தில் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"எவ்வளவு நேரம் இப்படி?"

"ஒரு குவியல் ஏலம் போற நேரம் டாக்டர்."

டாக்டர் காரைக்கால்காரர். ஒரு குவியல் எவ்வளவு நேரத்தில் ஏலம் போகும் என்பது அவருக்குத் தெரியும். போனை எடுத்துச் சர்ஜனைக் கூப்பிட்டார்.

வியாழக்கிழமை சுப்ராயனுக்கு முதுகில் ஊசி போட்டு, முழு நினைவோடு ஆபரேஷன் நடந்தது. திரைக்கு அந்தப் பக்கம் சர்ஜன் வெட்டித் தைத்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் சுப்ராயன் டாக்டரிடம் வஞ்சிரம் எந்தக் காற்றுக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நடுநடுவே அவர் கண் சொக்கும்போதெல்லாம் டாக்டர் கன்னத்தைத் தட்டி, அப்புறம், அப்புறம் என்று கேட்டாராம். சர்ஜன் வெளியே வந்ததும், இனிமேல் பேசாத நோயாளியாகப் பார்த்துக் கொடுங்கள் என்றார். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை.

ராத்திரிதான் இன்னும் பாக்கி இருந்தது. ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக்கூடாது என்பது நர்சிங் ஹோம் சட்டம். மருமகனையோ மச்சானையோ வரச்சொல்லுங்கள் என்று பெரிய நர்ஸ் சொன்னார். குஞ்சம்மா சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அல்லி டாக்டரிடம் போய், அந்தக் கைக்குத்தான் எப்போது உலுக்கவேண்டும் என்று தெரியும், வேறு ஆளை வைத்தால் அவனும் குறட்டை விட்டுத் தூங்குவான் என்றாள். டாக்டர் அவர் கட்டிலைச் சுற்றித் திரை போடச் சொன்னார். சுப்ராயனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்கு அண்டையாகத் தலையணை கொடுத்தார்கள். குஞ்சம்மாவுக்கு ஒரு முக்காலி.

மறுநாள் அல்லி வழக்கத்தைவிட முன்னதாக வந்துவிட்டாள். செருப்பை வாசலிலேயே விட்டு, வார்டில் சத்தம் வராமல் நடந்து திரைக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. குறட்டைகூட இல்லை. திரையை விலக்க அவளுக்குக் கை வரவில்லை. கடைசியில் விலக்கினாள்.

குஞ்சம்மா முக்காலியில் உட்கார்ந்தபடியே தலையைக் கட்டில் ஓரத்தில் சாய்த்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது கை சுப்ராயனின் தோளைப் பிடித்தபடி இருந்தது. சுப்ராயன் முழித்துக்கொண்டு, ஒருக்களித்தபடி, அந்தக் கை நழுவிவிடாமல் தோளை அசைக்காமல் வைத்திருந்தார். அல்லியைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"எழுப்பாதம்மா. இவ தூங்கி நான் பாத்ததே இல்ல" என்றார்.

அதன்பிறகு தாளில் அந்தக் கேள்வியை மை வைத்து அடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் இருக்கும். ஆபரேஷனுக்கு ஆண் யாராவது வந்தால் அல்லி கூட வந்த பெண்ணைத் தனியாக அழைத்துப் போவாள். அவர் எப்படித் தூங்குவார், செய்து காட்டுங்கள் என்பாள். கரைப் பெண்கள் தயங்க மாட்டார்கள். வயல்பக்கத்துப் பெண்கள் பக்கத்து வீட்டுக்காரர் குறட்டையிலிருந்து ஆரம்பித்துத்தான் தங்கள் வீட்டுக்கு வருவார்கள். அல்லி மறுபடி போனபோது கமருன்னிசா வீட்டுக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, வேலைக்காரியையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் செய்து காட்டினார். செய்துவிட்டுத் தன் சத்தத்துக்குத் தானே வெட்கப்பட்டுச் சிரித்தார். எல்லாத் தடவையும் சரியாக வந்தது என்று சொல்ல முடியாது. ஒருத்தி இல்லாத வியாதியையும் சேர்த்து நடித்துவிட்டாள். ஆனால் அந்தக் கோட்டின் மேல் அல்லி எழுதியதைப் படிக்காமல் டாக்டர் தங்கையன் யாருக்கும் மயக்க மருந்து கொடுத்ததில்லை.

சுப்ராயனுக்கு உடம்பைக் குறைக்கச் சொன்னார்கள், பாலத்துச் சாராயக்கடைப் பக்கம் போகக்கூடாது என்றார்கள், மல்லாந்து படுக்கவே கூடாது என்றார்கள். சுக்கானைக் கொஞ்ச நாளைக்கு வேறு கைக்கு விடச் சொன்னார்கள்; அதற்குத்தான் அவர் அதிகம் முரண்டு பிடித்தார். மல்லாந்து படுக்காமலிருக்க அல்லி ஒரு வழி சொன்னாள். வலையில் கட்டும் மிதவைக் கட்டை ஒன்றைக் குஞ்சம்மா அவர் பனியனின் முதுகுப்பக்கம் உள்ளே வைத்துத் தைத்தாள். புரண்டால் கட்டை குத்தும், தானாக ஒருக்களிப்பார். கரையில் அவருக்கு மிதவைக்காரர் என்று பெயர் வைத்தார்கள். இளைத்து, தெளிந்து, அடுத்த வருஷம் அதே பெயரோடு சுக்கானுக்குத் திரும்பினார்.

ஒருநாள் குஞ்சம்மா கூடையோடு நர்சிங் ஹோம் வாசலில் நின்று அல்லியைக் கூப்பிட்டாள். எப்படி இருக்கிறீர்கள், இப்போதாவது தூங்குகிறீர்களா என்று அல்லி கேட்டாள்.

"எங்க தூங்குறது?" என்றாள் குஞ்சம்மா. "முன்ன சத்தத்துல முழிச்சிருந்தேன். இப்ப சத்தமே இல்ல. பயந்து அடிச்சுப்புடிச்சு எழுந்து உலுக்கறேன். அவரு திட்டுறாரு."

"என்னன்னு?"

குஞ்சம்மா சிரித்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, சுப்ராயன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"மூச்சு வருதுடி, படு."